மூணாவது யூனிட்டும் நானும்

இங்க ஆளு வருதா தாயி? வரலையா? அப்ப நான் உக்காந்துக்கிடுதேன். இந்தப் பையை மட்டும் உன் காலுக்கிட்ட கொஞ்சம் தள்ளிக்கோ. உள்ள கண்ணாடிச் சாமான் இருக்கு, கல்யாணப் பொண்ணுக்குக் குடுக்க வாங்குனது. நாங்க கோவில்பட்டில எறங்கிருவோம். நீ மதுரைக்கா? கம்பெனி வேலையா? நல்லது, நல்லா இரு.

அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, நரைச்ச தலை, நீலச் சட்டை. அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. பிறகு ஏன் இங்க வந்து உக்காந்திருக்கேன்னு பாக்கியா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எட்டு மாசமா எங்களுக்குள்ள சண்டையே இல்ல, அதான் எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல உக்காந்தா கோவில்பட்டி போய்ச் சேரதுக்குள்ள வாயத் தொறந்து சொல்லிருவேன், அதுக்குத்தான் தள்ளி வந்துட்டேன். ஆனா யார்கிட்டயாவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. முன்னப்பின்ன தெரியாத புள்ள நீ, கேட்டுட்டு மதுரைக்குப் போயிருவ. கேக்கியா?

திரும்பி அந்தக் கண்ணாடி வழியாப் பாரு. உப்பளத்துக்கு அங்கிட்டு நாலு பொகைபோக்கி நிக்குல்லா? அதான் எங்க வெள்ளமடை அனல்மின் நிலையம். மூணுல பொகை வருது, ஒண்ணுல வரல. வராம மொட்டையா நிக்கா பாரு, அவதான் மூணாவது யூனிட்டு. என் சக்களத்தி.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்லுதேன்.

எனக்குக் கல்யாணம் ஆயி முப்பத்திமூணு வருசம். வியாழக்கெழமை தாலி கட்டுனாக. சனிக்கெழமை எங்கம்மா வீட்டுல மறுவீட்டு விருந்து. ரெண்டு கிடா வெட்டி, பந்தி போட்டு, எங்கப்பா வாசல்ல நிக்காக. மாப்பிள்ளையக் காணும். காலையிலேயே ஜீப்பு வந்து கூட்டிட்டுப் போயிருச்சு. என்னன்னு கேட்டா, புதுசாக் கட்டுன மூணாவது யூனிட்டுக்கு அன்னைக்குத்தான் முதத் தீ வைக்காகளாம். லைட்டப்புன்னு அதுக்குப் பேரு. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை இல்லாமப் போன பொண்ணு எங்க சாதிசனத்துல நான் ஒருத்திதான். எங்க சின்னக்கா எலையில கறியை வச்சுக்கிட்டே, "ஏட்டி பூரணம், மாப்பிள்ளைக்கு மூத்த தாரம் ஒண்ணு இருக்காப்ல இருக்கே"ன்னா. ஊரே சிரிச்சுது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல கெடக்கு.

சாயங்காலம் வந்தாக பாரு, மொகமெல்லாம் கரி, பல்லு மட்டும் தெரியுது. மறுவீட்டுக்கு வரலயேன்னு ஒரு வார்த்த இல்ல. "பூரணம், பொறி வைக்கிற மெசின் வேலை செய்யல. இஞ்சினியருமாரெல்லாம் முழிச்சிட்டு நின்னாங்க. நான்தான் கம்பில வேஸ்ட்டுத் துணியைச் சுத்தி, டீசல்ல முக்கி, கொளுத்தி, பாய்லர் ஓட்டைக்குள்ள நீட்டுனேன். குப்புன்னு புடிச்சுக்கிட்டா"ன்னாக. புடிச்சுக்கிட்டாளாம்! மூணு நா பொண்டாட்டிகிட்ட சொல்ற பேச்சா இது?

அதுல இருந்து அங்க ஒரு வழக்கமே ஆயிப்போச்சு பாத்துக்கோ. தீ வச்ச கைதான் தீயை அணைக்கணும்னு. வேற ஊர்ல எல்லாம் உண்டுமா என்னமோ, வெள்ளமடையில உண்டு. வருசத்துக்கு ஒருக்க ஓவர்ஹாலுக்குன்னு, கழட்டிப் பழுதுபாக்க, யூனிட்டை நிப்பாட்டுவாங்க. அன்னைக்கு இவுகளுக்கு லீவா இருந்தாலும் சரி, காய்ச்சலாக் கெடந்தாலும் சரி, ஆள் விட்டுக் கூப்பிட்டுருவாங்க. இவுக போயி அந்தச் செவப்புப் பொத்தானை அமுக்கணும். மறுபடி ஓட்டும்போது இவுகதான் தீயை வைக்கணும். பெரிய பெரிய ஆபீசருமாரு வந்தாங்க, போனாங்க, இதென்ன கிறுக்குத்தனம்னு சிரிச்சாங்க. ஆனா மாசானம் அண்ணாச்சி வராம எவனும் பொத்தானைத் தொடமாட்டான். ஐயோ, புருசன் பேரைச் சொல்லிட்டேன் பாரு. போவுது.

எம் மக பொறந்த அன்னைக்கு ஓவர்ஹால் முடிஞ்சு தீ வைக்கிற நாளு. மகளுக்கு மொட்டை போட்ட அன்னைக்கு ட்ரிப்பு. ட்ரிப்புன்னா, ஓடிக்கிட்டு இருக்கும்போது எங்கயாவது ஒண்ணு கோளாறாகி அவளாவே பொசுக்குன்னு நின்னுருவா. அதுவும் நாங்க எலை போட்டு உக்காரதைப் பாத்துக்கிட்டே இருப்பா போல. அப்பதான் சரியா நிப்பா. தீவாளிக்கு ஒரு தடவ எண்ண தேச்ச தலையோட சைக்கிளை எடுத்துட்டுப் போனாக.

பேசுறதும் அப்படித்தான். எப்பவும் "அவ"தான். இன்னைக்கு அவளுக்கு லேசாச் சூடு ஏறுது. இன்னைக்கு அவ சத்தம் சரியில்ல. இந்த லோடு நிலக்கரி அவளுக்குச் சேரல, ஒரே கல்லு. நான் மூணு நாளு இருமிக்கிட்டே கெடந்தேன் தாயி, அது காதுல விழாது. மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவ சத்தம் லேசா மாறுனாப் போதும், சோத்துல வச்ச கை அப்படியே நின்னுரும்.

எனக்கென்ன, பொறாமையா? ஒரு இரும்பு மேல எவளாவது பொறாமைப்படுவாளா? கேக்கதுக்கே கேவலமா இருக்குல்லா? ஆனா எரிஞ்சுது. வயிறு எரிஞ்சுது. உன்கிட்ட எதுக்கு மறைக்கணும்.

ஆயுத பூசைக்கு மட்டும் வீட்டு ஆளுகளை உள்ள விடுவாங்க. கல்யாணமாயி நாலாவது வருசம் நானும் போனேன். அவ எப்படித்தான் இருக்கான்னு பாத்துருவோம்னுதான் போனேன். யம்மாடி! பத்து மாடி ஒசரத்துக்கு பாய்லரு. தரையெல்லாம் அதிருது, பல்லு அதிருது. இவுக என் கையில ஒரு நீலக் கண்ணாடியைக் குடுத்து, அந்தச் சின்ன ஓட்டை வழியா உள்ள பாருன்னாக. பாத்தேன். உள்ள ஒரே தீ. அடுப்புத் தீ மாதிரி இல்ல, சுத்திச் சுத்தி ஒரு ஆளு எழுந்து ஆடுற மாதிரி. எவ்வளவு நேரம் பாத்தேனோ தெரியல. இவுக தோளைத் தொட்டு, "போதும்ட்டி, பின்னால ஆளுக நிக்காங்க"ன்னாக. அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, இவகூட நான் போட்டி போட முடியாதுன்னு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். ஐநூத்தி நாப்பது டிகிரில ஆவி, நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்து, இருநூத்திப் பத்து மெகாவாட்டு. அதுக்கு முன்னால என்கிட்ட என்ன இருக்கு?

அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு கேக்கியா? தெரியாம? எதிராளியைப் பத்தித் தெரிஞ்சுக்கிடாமலா இருப்பாங்க.

வெளிய பாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூரா சோலார் பிளேட்டு, நடுவுல ஆடு மேயுது. இங்கிட்டுக் காத்தாடி. இதெல்லாம் வர வர எனக்கு எவ்வளவு சந்தோசம்கிற! மத்தியானமாச்சுன்னா சூரியன்ல இருந்து கரண்டு வந்து குவிஞ்சுருதாம். உடனே மேலிடத்துல இருந்து போனு வருமாம், மூணாவது யூனிட்டைக் கொறைங்கன்னு. பாதிக்குக் கொறைப்பாங்களாம். பொறவு சாயங்காலம் சூரியன் போனதும், ஏத்துங்க ஏத்துங்கன்னு கெடந்து துடிப்பாங்களாம். இப்படி ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி அவளுக்கு ஒடம்பு கெட்டுப்போச்சு. குழாய் குழாயா ஓட்டை விழுந்துச்சு. இவுக மத்தியானம் வாசல்ல நின்னு வெயிலை மொறைப்பாக. வெயிலைப் பாத்து வயிறெரிஞ்ச மனுசனை நீ கண்டிருக்கியா? நான் கண்டேன். அடுப்படிக்குள்ள நின்னு சிரிச்சேன். இப்பத் தெரியுதா எப்படி இருக்கும்னு?

சண்டை போடுவோம். "சூரியன் சும்மா குடுக்கான், எதுக்கு ஊரு பூரா சாம்பலைக் கொட்டணும்?"னு நான் கேப்பேன். கொடியில காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்ப கலர்ல இருந்தா எடுத்துக் காட்டுவேன். "ஏழு மணிக்கு நீ லைட்டைப் போடும்போது உன் சூரியன் எங்க இருப்பான்?"ம்பாக. "பேட்டரில புடிச்சு வச்சுக்கிடுவாங்களாம், பேப்பர்ல போட்டிருக்கான்"ம்பேன். கடைசியில ஒரு நாளு அவுகளே சொன்னாக, "வரத்தான் செய்யும் பூரணம். அது சரிதான். சின்னப் புள்ளைகளுக்கு மூச்சுக்கு நல்லது. ஆனா அவ இருக்கும்போதே அவளை வேண்டாதவ மாதிரி நடத்தக்கூடாதுல்லா"ன்னாக. என்னைய நடத்துனதை நான் எந்தச் சாமிகிட்ட போயிச் சொல்ல?

சரி, விசயத்துக்கு வாரேன்.

போன வருசம் இவுக ரிட்டையர் ஆனாக. அப்பாடான்னு இருந்துச்சு. ஆனா ஒடம்புதான் வீட்டுல. ரிட்டையர் ஆன ஏழாவது மாசம் சேதி வந்துச்சு, மூணாவது யூனிட்டை நெரந்தரமா மூடப்போறாங்கன்னு. தேதி மட்டும் தெரியல. இந்த மாசத்துக்குள்ளன்னாங்க. இவுக பழைய யூனிபாரத்தை எடுத்துத் தொவச்சு, இஸ்திரி போட்டு, ஆணியில மாட்டிட்டாக. கடைசித் தீயை இவுகதான் அணைக்கணும்லா? போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருப்பாக. நான் காப்பி குடுத்தா, யாரு குடுத்தான்னு நிமிந்து பாக்கல.

ஒரு நாளு சாயங்காலம் போனை ஜன்னல்ல வச்சுட்டுக் குளிக்கப் போனாக. அடிச்சுது. எடுத்தேன். ஷெர்லின்னு ஒரு பொண்ணு, சின்ன வயசு, அங்க இஞ்சினியரு. "அம்மா, நாளைக்குப் பதினோரு மணிக்கு யூனிட்டை நிப்பாட்டுறோம். அண்ணாச்சியைப் பத்து மணிக்கெல்லாம் வரச் சொல்லுங்க, கேட்டுல பாஸ் எழுதி வச்சிருக்கேன்"னா.

"நாளைக்குப் பதினோரு மணிக்கா?"ன்னு கேட்டுட்டு, சரின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன் தாயி. சத்தியமா. ஆனா அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா. "அண்ணாச்சி கையாலதான் அவ போகணும்"னா. இவளும் "அவ"ங்கா! எனக்கு எங்க இருந்து வந்துச்சோ, "அவுக மனசு தாங்காதும்மா, வரமாட்டேன்னு முன்னமே சொல்லிட்டாக. திரும்பக் கூப்பிட்டு அவுகளைக் கிண்டாதீக"ன்னுட்டேன். பொறவு, "சரிம்மா, புரியுது"ன்னா. போனை வச்சேன். வந்த நம்பரை அழிச்சேன். சந்தோசமா இருந்துச்சு. முப்பத்திமூணு வருசத்துல ஒரே ஒரு தடவ நான் ஜெயிச்சேன்.

இவுக தலையைத் துவட்டிக்கிட்டே வந்தாக. "நாளைக்குத் திருச்செந்தூர் போவோம், எனக்கு நேத்திக்கடன் இருக்கு"ன்னேன். "நாளைக்கேயா?"ன்னாக. "நாளைக்கேதான்." கொஞ்ச நேரம் என் மொகத்தைப் பாத்தாக. "சரி"ன்னாக. அவ்வளவு லேசா ஒத்துக்கிடுவாகன்னு நான் நெனைக்கல.

மறுநாளு போனை அணைச்சு என் பையில போட்டுக்கிட்டேன். சார்ஜ் இல்லன்னு சொன்னேன், ஒண்ணும் கேக்கல. கடல்ல குளிச்சு, சாமி கும்புட்டு, நல்ல தரிசனம். வெளிய வந்தா இவுக பக்கத்துல நின்ன ஆளுகிட்ட மணி என்னன்னு கேட்டாக. பதினொண்ணுன்னான். உடனே நேரா நடந்து போயி, கட்டுன வேட்டி சட்டையோட மறுபடி கடல்ல எறங்கி மூணு முங்கு முங்கிட்டு வந்து நிக்காக. கொண்டுபோன மாத்துத் துணியும் கட்டியாச்சு, வேற கெடையாது! "வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சா, அதான் அப்பமே குளிச்சாச்சே"ன்னு நாலு பேரு பாக்க ஏசுனேன். ஈரத்தோடேயே பஸ் ஏறி வந்தாக. ரெண்டு நாளு சளி.

இங்கிட்டு யூனிட்டுல எல்லாரும் காத்துக் கெடந்திருக்காங்க, பாத்துக்கோ. எதுத்த வீட்டு ஜெயந்தி புருசனும் அங்கதான் வேலை, அவன் சொல்லித் தெரியும். ஒருவேளை மனசு மாறி அண்ணாச்சி வந்துருவாருன்னு நாப்பது நிமிசம் தீயைக் கொறைச்சு வச்சுட்டு கேட்டைப் பாத்துட்டு நின்னாங்களாம். பொறவு அந்தப் பொண்ணுதான் அழுதுக்கிட்டே பொத்தானை அமுக்குனாளாம்.

அதுல இருந்து எட்டு மாசம். என்ன நடந்துச்சு தெரியுமா? ஒண்ணுமே நடக்கல. பேப்பர்ல செய்தி வந்துச்சு, படிச்சாக, மடிச்சு வச்சாக. தன்னைக் கூப்பிடலையேன்னு ஒரு வார்த்த கேக்கல. அங்க உள்ளவங்க இவுக மனசு தாங்காதுன்னு இவுககிட்டப் பேசல. இவுக ரோசக்காரவுக, போயி ஏன் கூப்பிடலன்னு கேக்கமாட்டாக. ஷிப்டு ஆளுக கூடுற டீக்கடைப் பக்கமே போறதில்ல. நான் கேட்டது கெடைச்சுருச்சு. முழு மனுசனும் எனக்குத்தான். காய் நறுக்கித் தாராக, ரேசன் கடைக்குப் போறாக, நான் இருமுனா வெந்நி வச்சுத் தாராக. கல்லு மாதிரி உக்காந்திருக்காக.

சண்டைக்காவது வரட்டும்னு மொட்டை மாடில சோலார் பிளேட்டுக்கு எழுதிப்போட்டேன். வந்து மாட்டுனானுவ. இவுக மேல ஏறி வந்து பாத்து, "சரிவு சரியா வச்சிருக்கானுவ"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாக. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. நானே ஒரு நாளு, "நாலாவது யூனிட்டு எப்படி ஓடுதாம்?"னு கேட்டேன். நானா! "ஓடும்"னாக. அவ்வளவுதான்.

இப்ப அந்த ஷெர்லினுக்குத்தான் கல்யாணம். போன வாரம் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தா. நான் அந்த எடத்தை விட்டு அசையல. "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க வராம..."ன்னு கண்ணு கலங்குறா. நான், "பஜ்ஜி ஆறுது, சாப்புடும்மா, சாப்புடும்மா"ன்னு வாயில திணிக்காத கொறை. அவ விக்கி, தண்ணி குடிச்சு, ஒருவழியாப் போனா. இவுக, "கண்டிப்பா வருவோம்மா"ன்னுட்டாக. என்னத்தச் சொல்ல! இன்னைக்கு அந்த மண்டபத்துல பழைய ஷிப்டு ஆளுக நாப்பது பேரு இருப்பானுவ. நாப்பது பேரு வாயிலயும் நான் பஜ்ஜியைத் திணிக்க முடியுமா? எவனாவது ஒருத்தன், "ஏன் அண்ணாச்சி வரமாட்டேன்னுட்டீங்க?"ன்னு கேட்டுருவான். இவுக திரும்பி என்னையப் பாப்பாக. அந்தப் பார்வையை நான் எப்படித் தாங்குவேன்? அதுக்கப்புறம் எங்கூட ஒரே வீட்டுல இருப்பாகளா?

பஸ்ஸு நிக்கு. எட்டயபுரம் வந்துட்டோமா? பத்து நிமிசம் நிக்குமா? இவுக எறங்கி டீ குடிக்கப் போறாக. எவனோ சொல்லித் தெரியறதுக்கு நானே சொல்லிரணும். இல்ல தாயி? நீ என்ன சொல்லுத? சரி, பையைப் பாத்துக்கோ. போயிட்டு வாரேன்.

*

சொல்லிட்டேன்.

இரு, மூச்சு வாங்குது. தண்ணி இருந்தா ஒரு மடக்குக் குடு.

டீயை வாங்கி என் கையில குடுத்தாக. கையோட சொல்லிட்டேன். போன் வந்தது, நான் சொன்னது, அழிச்சது, எல்லாம். கத்துவாகன்னு கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா டீயை ஊதிக்கிட்டு நிக்காக. "தெரியும்ட்டி"ன்னாக.

"எப்படித் தெரியும்?"

"நீ போன்ல பேசும்போது நான் கொடியில துண்டு எடுத்துக்கிட்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்."

தெரிஞ்சுமா திருச்செந்தூருக்கு வந்தீகன்னு கேட்டேன். ஆமாங்காக. ஏன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாக தெரியுமா? "முப்பத்திமூணு வருசத்துல ஒரு தடவகூட நீ என்னையப் போகாதீகன்னு சொன்னதில்ல பூரணம். கதவைச் சாத்துவ, பாத்திரத்தைப் போட்டு ஒடைப்ப, உங்க சின்னக்காகிட்டச் சொல்லி அழுவ. என்கிட்டச் சொன்னதில்ல. அன்னைக்குத்தான் மொத மொதல்ல தடுத்த. நான் கூட இருக்கணும்னு எவ்வளவு ஆசை இருந்தா இவ இப்படி ஒரு பொய்யச் சொல்லுவான்னு நெனைச்சேன். வந்துட்டேன்"னாக.

நான் அழுவேன்னு பாத்தாக போல. எனக்கு ஆத்திரந்தான் வந்துச்சு. "அப்ப எட்டு மாசமா கல்லு மாதிரி உக்காந்திருந்தது எதுக்கு?"ன்னு கேட்டேன். "அவளுக்குத்தான்"னாக. மறைக்கவே இல்ல பாரு! "வீட்டுல ஒருத்தர் போனா ஒரு வருசமாவது ஆகாதா?"ங்காக. மண்டபத்துல எவனாவது கேட்டா, மனசு தாங்கல, நான்தான் வரலன்னு அவுகளே சொல்லிக்கிடுவாகளாம், நீ வாயத் தொறக்காதன்னு எனக்கு உத்தரவு.

நான் விடல. "சரி, அந்த மறுவீட்டு அன்னைக்கு நான் போகாதீகன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பீகளா?"ன்னு கேட்டேன். டீ கிளாசைக் கீழ வச்சாக.

"இருந்திருக்கமாட்டேன். ஆனா நீ சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்"னாக.

இந்த மனுசனை என்ன செய்ய, சொல்லு! அந்த எடத்துல ஒரு பொய் சொல்லக் கூடாதா? இருந்திருப்பேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போகும்? நான் எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கேன் இவுகளுக்காக!

கண்டக்டர் விசில் அடிக்கான். அந்தப் பையை எடுத்துக் குடு தாயி, பதனம், கண்ணாடி. முன்னால அவுக பக்கத்துல இருந்த ஆளு எறங்கிட்டானாம், அங்க வந்து உக்காருன்னாக. கையைப் புடிச்சு இழுக்காத கொறையாக் கூப்புட்டாக. போகாம இருக்கலாம், கொஞ்ச நேரம் தவிக்கட்டும்னு விடலாம். ஆனா திரும்பித் திரும்பிப் பாக்காக பாரு, என்னைய. நான் வாரேன் தாயி.